கோபம் இப்போ எத்தனையில இருக்கு?

காவேரிப்பட்டணத்திலிருந்து ஒரு தாய் கேட்கிறார்: "மகனுக்கு ஏழு வயது. தங்கை பென்சில் பாக்ஸைத் தொட்டாலே வீடு அதிரக் கத்துகிறான், கையில் கிடைத்ததை எறிகிறான். கொஞ்ச நேரத்தில் அவனே வந்து கட்டிக்கொள்கிறான். 'ரெண்டு போட்டால் சரியாகும்' என்கிறார் அவன் அப்பா. மாமியார் போனைக் கொடுத்து அடக்குகிறார். நான் என்ன செய்ய?"

அடியும் வேண்டாம், போனும் வேண்டாம். அடித்தால் பயத்தில் வாயை மூடுவான். போன் கிடைத்தால் அதில் மூழ்குவான். கோபம் ஏறுவதை அவனே கண்டுபிடிக்க இரண்டுமே பழக்காது. உணர்ச்சிக்குக் கடிவாளம் போடும் மூளையின் முன்பகுதி முழுதாக முதிர 25 வயது வாக்கில் ஆகிறது. ஏழு வயதுக்காரனிடம் "அறிவில்லையா?" என்று கேட்டுப் பயனில்லை.

கோபத்தை அளக்க அவனுக்கு ஓர் அளவுகோல் வேண்டும். வீட்டு ஃபேன் ரெகுலேட்டரில் 1 முதல் 5 வரை இருக்குமே, அதுவே போதும். ராத்திரி சாப்பிட்டு நல்லபடியாக இருக்கும்போது ஒரு தாளில் வரையச் சொல்லுங்கள். 1 லேசான எரிச்சல், 5 எறிகிற நிலை. நடுவில் 3 வந்தால் உடம்பில் என்ன தெரியும் என்று அவனையே கேளுங்கள். "காது சூடாவும், பல்லு கடிப்பேன்" என்றால் அப்படியே எழுதுங்கள். உங்கள் வார்த்தையைத் திணிக்காதீர்கள்.

மாங்காய் சீசனில் மண்டியிலிருந்து களைத்து வரும் அப்பாவும், "இன்னிக்கு எனக்கு 4, பத்து நிமிஷம் விடு கண்ணு" என்று சொல்லட்டும். பெரியவர்கள் சொல்லாத வீட்டில் இந்தப் பழக்கம் நாலு நாள்கூடத் தாங்காது.

பேச்சு காதில் ஏறுவது 2, 3-ல்தான். "மூணு வந்துடுச்சா? தண்ணி குடிச்சிட்டு வா" என்று அனுப்புங்கள். மூச்சை இழுப்பதைவிட நீளமாக விடப் பழக்கினால் இதயத் துடிப்பு தணியும். 5-க்குப் போய்விட்டால் நம்பர் கேட்காதீர்கள், இன்னும் வெறியாகும். தங்கையை நகர்த்துங்கள், கைக்கு எட்டுகிற பொருளை எடுத்துவிட்டுப் பக்கத்தில் இருங்கள். "கோபப்படலாம், எறியக் கூடாது" என்பதோடு பேச்சை நிறுத்துங்கள். அடங்கியபின் சிதறியதை அவனே பொறுக்கட்டும்.

பள்ளி விட்டதும்தான் அதிகம் கத்துகிறான் என்றால் முதலில் வயிற்றைப் பாருங்கள். பல பிள்ளைகளுக்குப் பாதிக் கோபம் பசிதான்.

தன்னையோ தங்கையையோ காயப்படுத்தினாலோ, வகுப்பிலும் இதே தொடர்ந்தாலோ, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பாருங்கள். அதற்கு முன் பேசிப் பார்க்க 14416 என்ற இலவச மனநல உதவி எண் 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம்.