ஆறு பக்கம் எழுதினால் அது குறிப்பு இல்லை: நடப்பு நிகழ்வுகள் கேள்வி பதில்

ஐஏஎஸ், ஐபிஎஸ் பணிகளுக்கு ஆள் எடுக்கும் இந்தியாவின் யுபிஎஸ்சி தேர்வை நான்கு முறை எழுதினேன். இரண்டு முறை மெயின்ஸ் என்ற முதன்மை எழுத்துத் தேர்வு, ஒரு முறை டெல்லி ஷாஜகான் சாலையில் நேர்முகம். இறுதிப் பட்டியலில் பெயர் வரவில்லை. இப்போது கோலாலம்பூரில் வேலை. தேறாதவளிடம் என்ன கேட்பது என்று நினைப்பவர்கள் தாராளமாக விலகிக்கொள்ளலாம். இங்கிருந்தபடியே தயாராகும் நம் ஆட்கள், நடப்பு நிகழ்வுகளுக்குக் குறிப்பு எடுப்பது பற்றி மட்டும் கேளுங்கள் என்றேன். மற்றதையும் கேட்டிருக்கிறார்கள்.

பிரிக்ஃபீல்ட்ஸ், ஐடி வேலை: அக்கா, பேப்பர் படித்துக் குறிப்பு எடுத்தால் ஒரு நாளைக்கு ஆறு பக்கம் வருகிறது. மூன்று மாதத்தில் நான்கு நோட்டு முடிந்துவிட்டது. சரியாகத்தான் போகிறேனா?

இல்லை தம்பி. ஆறு பக்கம் வந்தால் பேப்பரை இன்னொரு தடவை கையால் அச்சடித்திருக்கிறீர்கள். முதல் வருடம் நானும் அதைத்தான் செய்தேன், தேதிவாரியாக, கலர் பேனாவோடு. மெயின்ஸுக்கு முன்னால் 'நீதித்துறை' என்று ஒரு தலைப்பைத் திருப்பிப் பார்க்க ஒன்பது நோட்டைப் புரட்ட வேண்டியிருந்தது. அழுகைதான் வந்தது.

நோட்டை விட்டுவிட்டு உதிரித் தாளும் ஒரு ஃபைலும் வாங்குங்கள். மெயின்ஸ் பொது அறிவுத் தாள்களின் பாடத்திட்டத்தை அச்செடுத்து, ஒவ்வொரு வரிக்கும் ஒரு தாள் ஒதுக்குங்கள். செய்தி படித்ததும் இது எந்த வரிக்குப் போகும் என்று கேளுங்கள். எந்த வரிக்கும் போகாவிட்டால் எவ்வளவு பரபரப்பான செய்தியானாலும் விட்டுவிடுங்கள். தாளின் மேல் பகுதியில் மாறாத சங்கதி: சட்டப்பிரிவு, குழு, திட்டம் தொடங்கிய ஆண்டு. நடுவில் நடந்தது என்ன, எப்போது. கீழே இரண்டு தரப்பு வாதமும் ஒவ்வொரு வரியில். தாள் நிறைந்துவிட்டால் இரண்டாவது தாள் சேர்க்காதீர்கள். முதல் தாளைச் சுருக்கித் திரும்ப எழுதுங்கள். படிப்பு நடப்பது அந்தச் சுருக்கலில்தான்.

இன்னொன்று. நாம் இந்தியாவுக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம். காலை ஆறு மணிக்கு எல்ஆர்டி ரயில் ஏறும்போது அங்கே மூன்றரை. அன்றைய பேப்பருக்காகக் காத்திருக்காமல் நேற்றையதைப் படியுங்கள். ஒரு நாள் பழைய செய்தியால் யாரும் தோற்றதில்லை.

கிள்ளான்: எனக்கு ஓசிஐ அட்டை இருக்கிறது. ஐஏஎஸ் எழுதலாமா?

முடியாது. ஐஏஎஸ், ஐபிஎஸ் இரண்டுக்கும் இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும். ஓசிஐ என்பது வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் அட்டை, குடியுரிமை இல்லை. வேறு சில பணிகளுக்கு, பர்மா, இலங்கை, கென்யா, உகாண்டா போன்ற நாடுகளிலிருந்து நிரந்தரமாகக் குடியேற வந்த இந்திய வம்சாவளியினருக்கு விதியில் இடம் உண்டு. அந்தப் பட்டியலில் மலேசியா இல்லை.

பினாங்கு, பாயான் லெப்பாஸ்: சிப் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. பொறியியல் படித்தவன். பேப்பர் படிக்கவே நேரமில்லை. அறிவியல் தொழில்நுட்பக் குறிப்பை எங்கே தொடங்குவது?

நீங்கள் நிற்கிற இடத்திலேயே தொடங்குங்கள்! 1972இல் இண்டெல் பினாங்குக்கு வந்து சிப்களைப் பொதியுறையிடுவதும் (பேக்கேஜிங்) சோதிப்பதுமாகத் தொடங்கிய வேலைதான் உங்கள் ஊரை இந்த நிலைக்குக் கொண்டுவந்தது. இந்தியா 2021 டிசம்பரில் 76,000 கோடி ரூபாயில் செமிகண்டக்டர் திட்டம் அறிவித்தது. அதன் கீழ் குஜராத்தின் சானந்தில் மைக்ரானும், அசாமின் ஜாகிரோடில் டாடாவும் தொடங்கியவை உங்கள் தொழிற்சாலை வகைதான்: சிப்பை உருவாக்குவது இல்லை, பொதியுறையிட்டுச் சோதிப்பது. சிலிக்கான் வில்லையிலேயே சிப்பைச் செதுக்கும் ஆலை குஜராத்தின் தோலேராவில் வருவது, டாடாவும் தைவானின் பிஎஸ்எம்சியும் சேர்ந்தது. இந்த வித்தியாசம் தெரியாமல் எல்லாவற்றையும் 'சிப் தொழிற்சாலை' என்று எழுதித் தள்ளுகிறவர்கள் நிறையப் பேர். உங்களுக்கு அது கையால் தெரியும்.

ஒரே தாளில் எழுதிப் பாருங்கள். செதுக்கும் ஆலைக்கு ஏன் அவ்வளவு முதலீடும் மிகச் சுத்தமான தண்ணீரும் தடைபடாத மின்சாரமும் வேண்டும்? பொதியுறை வேலையில் ஏன் ஆட்கள் அதிகம்? ஐம்பது வருடமாகச் செய்தும் பினாங்கு ஏன் இன்னும் பெரும்பாலும் அதிலேயே நிற்கிறது? கடைசிக் கேள்விக்கு நாலு வரி எழுத முடிந்தால், இந்தியா எதைக் கவனிக்க வேண்டும் என்ற பதிலும் அதிலேயே வந்துவிடும். எழுதியதும் எனக்கு அனுப்புங்கள், நிஜமாகவே படிக்க ஆசை.

சுங்கை பூலோ: நடப்பு நிகழ்வுகளைத் தொகுத்துத் தரும் மாதாந்திர பிடிஎஃப்களில் எது நல்லது?

எதுவும் இல்லை. ஏதோ ஒன்றை எடுத்து, விட்டுப்போனதைச் சரிபார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

சுபாங்: தமிழில் மெயின்ஸ் எழுதப்போகிறேன். குறிப்பு தமிழிலா, ஆங்கிலத்திலா?

விடையைத் தமிழில் எழுதலாம், நேர்முகத்திலும் தமிழில் பேசலாம். ஆனால் பொது அறிவு வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் இருக்கும். அதனால் குறிப்பு தமிழில், தலைப்பும் கலைச்சொல்லும் இரண்டு மொழியிலும். 'திட்டம்' மாத இதழைப் படியுங்கள், அரசுச் சொற்கள் கைக்கு வரும். இங்கத்திய தமிழ் நாளிதழ் பழக்கத்தில் 'கூட்டரசு' என்று எழுதிவிடாதீர்கள், அங்கே 'ஒன்றியம்' அல்லது 'மத்திய அரசு'. எது சரி என்று சண்டைக்கு வராதீர்கள், எனக்குத் தெரியாமல் இல்லை.

செராஸ்: 2024ஆம் வருடத்து பிடிஎஃப் முழுத் தொகுப்பும் இருக்கிறது. போதுமா?

அதில் ஆசியானுக்குப் பத்து உறுப்பு நாடுகள் என்று இருக்கும். 2025 அக்டோபரில் நம்மூர் மாநாட்டில் திமோர்-லெஸ்தே பதினொன்றாவதாகச் சேர்ந்தது. அந்த வாரம் கேஎல்சிசி பக்கம் நெரிசலில் நீங்களே மாட்டியிருப்பீர்கள். இனி பிடிஎஃப் கேள்வி வேண்டாம்.

பெட்டாலிங் ஜெயா: ஆளுநர் வழக்குக்கு ஏப்ரலில் அழகாகத் தாள் போட்டேன். நவம்பரில் எல்லாம் மாறிவிட்டது. பழைய தாளைக் கிழித்துவிடவா?

கிழிக்காதீர்கள். 2025 ஏப்ரல் 8: ஆளுநர் ஒப்புதல் தராமல் வைத்திருந்த தமிழ்நாட்டின் பத்து மசோதாக்களுக்கு ஒப்புதல் கிடைத்ததாகவே கொள்ள வேண்டும் என்றது உச்ச நீதிமன்றத்தின் இருவர் அமர்வு, கால வரம்பும் வைத்தது. மே மாதம் குடியரசுத் தலைவர் பிரிவு 143இன் கீழ் பதினான்கு கேள்விகளை உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்பிக் கருத்துக் கேட்டார். நவம்பர் 20: ஆளுநருக்கு நீதிமன்றம் கால வரம்பு விதிக்க முடியாது, தானாக ஒப்புதல் என்பதும் கிடையாது, ஆனால் காரணமே சொல்லாமல் காலவரையின்றி இழுத்தடித்தால் முடிவெடுக்கச் சொல்லி வரம்புக்குட்பட்ட ஆணை இடலாம் என்றது ஐவர் அமர்வு. மூன்று தேதியும் ஒரே தாளில், அம்புக்குறி போட்டு.

செந்தூல், ஓய்வு பெற்ற ஆசிரியர்: நான் மலேசியன், பேத்திக்காகப் படித்துக்கொண்டிருக்கிறேன். இதற்கு ஏன் இவ்வளவு சண்டை? எங்கள் அரசியலமைப்பில் மாமன்னருக்கே முப்பது நாள்தான்.

ஐயா, உங்களைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். மலேசிய அரசியலமைப்பின் 66ஆவது பிரிவு: முப்பது நாளில் மாமன்னர் ஒப்புதல் தராவிட்டாலும் மசோதா சட்டமாகிவிடும். அதாவது நவம்பரில் அங்கே கூடாது என்று சொன்ன 'தானாக ஒப்புதல்' இங்கே எழுதியே வைக்கப்பட்டிருக்கிறது. பிற நாட்டு அரசியலமைப்புகளோடு ஒப்பீடு என்று பாடத்திட்டத்திலேயே ஒரு வரி உண்டு. எல்லோரும் அமெரிக்கா, பிரிட்டன் என்று எழுதுவார்கள். நீங்கள் மலேசியாவை எழுதுங்கள்.

பெட்டாலிங் ஜெயா, மறுபடி: மாமன்னரை ஆளுநரோடு ஒப்பிடுவது தப்பில்லையா? ஒப்பிட வேண்டியது குடியரசுத் தலைவரை.

சரியான பிடி. குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பற்றிய இந்திய அரசியலமைப்பின் பிரிவு 111தான் நேர் இணை. ஆனால் அதிலும் கால வரம்பு கிடையாது, ஆக ஐயாவின் கேள்வி அப்படியே நிற்கிறது.

செந்தூல் ஆசிரியர்: அப்புறம் என்ன, திருத்தம் கொண்டுவர வேண்டியதுதானே?

பூச்சோங்: ஆளுநர் கையெழுத்துப் போடாததற்கும் காரணம் இருக்கும். எல்லோரும் ஒரு பக்கமே பேசுகிறீர்கள்.

பூச்சோங் சொல்வதில் பாதியை ஏற்கிறேன். ஒப்புதல் தருவது, நிறுத்திவைத்துத் திருப்பி அனுப்புவது, குடியரசுத் தலைவருக்கு ஒதுக்குவது என்று பிரிவு 200 கொடுக்கும் வழிகள் வெறும் அலங்காரம் இல்லை. மத்தியச் சட்டத்தோடு மோதும் மசோதாவை ஒருவர் நிறுத்தத்தான் வேண்டும். ஆனால் நிறுத்துவது வேறு, மேசையில் போட்டுவைப்பது வேறு. ஐயாவுக்குப் பதில்: மத்திய-மாநில உறவுகளை ஆராய்ந்த புஞ்சி ஆணையம் 2010லேயே ஆளுநருக்கு ஆறு மாத வரம்பு சொன்னது. திருத்தம் வரவில்லை. விடைத்தாளில் இந்த ஆணையத்தையும் மலேசியாவின் முப்பது நாளையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். உங்கள் கட்சி எது என்று திருத்துகிறவருக்குத் தெரியவே கூடாது.

ஜோர்ஜ் டவுன்: ஓசிஐ வைத்திருப்பவர்கள்...

கிள்ளானுக்குச் சொன்னதுதான்.

காஜாங்: மலேசிய அரசின் பிடிடி (நிர்வாக, தூதரக அதிகாரி) தேர்வுக்கும் இதே முறை உதவுமா?

அது என் துறை இல்லை. பொதுச் சேவை ஆணையத்தின் அறிவிப்பைப் பாருங்கள்.

ராவாங்: அக்கா, கடைசியாக ஒன்றே ஒன்று. நல்ல பிடிஎஃப்...

செந்தூல் ஐயா, அந்த 66ஆவது பிரிவில் முப்பது நாள் என்பது எந்த ஆண்டுத் திருத்தத்தில் வந்தது என்று பேத்தியைத் தேடச் சொல்லுங்கள். அடுத்த தடவை அதிலிருந்தே தொடங்கலாம்.