ராப் பாடகர்களின் நீண்ட நாள் பகையிலிருந்து பொறுமையையும் ஒழுங்கையும் கற்றுக்கொள்ள முடியுமா?

முடியும். உங்கள் தம்பி பொழுதெல்லாம் கென்ட்ரிக் லாமர், டிரேக் என்ற ராப் பாடகர்கள் இருவரின் சண்டைப் பாடல்களையே கேட்டுக்கொண்டிருக்கிறான் என்றும், அவற்றில் வசையைத் தவிர வேறென்ன இருக்கிறது என்றும் கேட்டிருக்கிறீர்கள். வீட்டுப் பெரியவர்களிடம் அவனுக்காகப் பரிந்து பேச வேண்டிய நிலையில் இருக்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன். நான் சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் சிறிய கொலுசுப் பட்டறை வைத்திருப்பவன். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. இந்த வயதில் ராப் எதற்கு என்று கேட்பவர்களுக்கு: பட்டறையில் என்ன பாட்டு ஓட வேண்டும் என்பதை முடிவு செய்பவர்கள் பற்றவைக்க உட்காரும் பையன்களே தவிர முதலாளி அல்ல.

கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2012இல் டிரேக்கின் இசைப் பயணத்தில், அவர் மேடையேறுவதற்கு முன்னால் பாடும் இளையவராக இருந்தவர் கென்ட்ரிக். அடுத்த ஆண்டு ஆகஸ்டில், பிக் ஷான் என்பவரின் பாடலொன்றில், டிரேக், ஜே. கோல் உட்படத் தம் காலத்துப் பாடகர்கள் பலரைப் பெயர் சொல்லியே சவாலுக்கு அழைத்தார். அதன்பின் பத்தாண்டுகளுக்கு மேல் இரு தரப்பிலும் சாடைப் பேச்சுதான் ஓடியது. 2024 மார்ச்சில் கென்ட்ரிக் மறுபடியும் வெளிப்படையாகச் சீண்ட, ஏப்ரலில் டிரேக்கின் பதில் வந்தது.

எனக்குப் பிடித்த பகுதி இதற்குப் பிறகுதான் வருகிறது. டிரேக் பாடிவிட்டார், கென்ட்ரிக் வாய் திறக்கவில்லை. ‘பயந்துவிட்டார்’ என்று ஊரே சொல்கிறது. அந்த மௌனத்தைக் கேலி செய்தே டிரேக் ஏப்ரல் 19 அன்று இன்னொரு பாடலை வெளியிட்டார். மறைந்த ராப் பாடகர் டூபாக்கின் குரலைச் செயற்கை நுண்ணறிவால் உருவாக்கி, கென்ட்ரிக்கைப் பதில் சொல்லும்படி அந்தக் குரலே தூண்டுவதுபோல் அமைத்திருந்தார். டூபாக்கின் சொத்துரிமையாளர்கள் வழக்கறிஞர் வழியாக எச்சரித்தபின் அந்தப் பாடலை அவரே நீக்க வேண்டியதாயிற்று. இவ்வளவுக்கும் அசையாமல் இருந்த கென்ட்ரிக், ஏப்ரல் 30 அன்று ஆரம்பித்து மே 4க்குள் நான்கு பாடல்களை இறக்கினார். அவற்றில் ஒன்று, டிரேக்கின் பாடல் வெளியான ஒரு மணி நேரத்துக்குள் வந்து விழுந்தது. சும்மா இருந்தவனால் இப்படிச் செய்ய முடியாது. வெளியில் கேலி நடந்துகொண்டிருந்தபோது அந்த மனிதர் உள்ளே உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்திருக்கிறார் என்றுதான் எனக்குப் புரிந்தது.

இது எனக்கு ஏன் உறைத்தது என்றால், ஏறத்தாழ அதே நாட்களில் எனக்கும் ஒரு பதில் பாக்கி இருந்தது. முன்பு என்னோடு கூட்டாகத் தொழில் செய்து, பிறகு தனிப்பட்டறை போட்ட ஒருவர், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஒரு வீடியோ வைத்தார். ஒரு கொலுசைக் கையில் எடுத்து, இரண்டு விரலால் கண்ணியைப் பிடித்து இழுக்கிறார், ஒட்டு விட்டுப்போகிறது. “இது எந்தப் பட்டறைச் சரக்கு என்று நான் சொல்ல வேண்டியதில்லை” என்று சிரிக்கிறார். அதில் இருந்த அரும்பு வேலைப்பாடு எங்களுடையது என்பது இந்தத் தொழிலில் இருக்கும் எவருக்கும் ஒரே பார்வையில் தெரியும். வெள்ளியின் டச்சும், அதாவது தூய்மையும், குறைவு என்று போகிற போக்கில் ஒரு பொடி வைத்திருந்தார். அன்றிரவே திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று மச்சான் குதித்தார். பற்றவைக்கும் பையன்தான், “அவசரப்படாதீங்கணா, கென்ட்ரிக்கும் உடனே பேசலீங்க” என்றான்.

நான் வீடியோ போடவில்லை. பற்றவைக்கும்போது ஒட்டுக்காக வைக்கும் பொடி சற்றுக் கூடினால் உருப்படியின் டச் இறங்கும், குறைந்தால் ஒட்டு நிற்காது. ஆகவே இரண்டு புகாருக்கும் பதில் அந்த ஒரே இடத்தில்தான் இருந்தது. ஒவ்வொரு லாட்டிலும் மெருகுக்குப் போகுமுன் கண்ணிகளை இழுத்துப் பார்ப்பது, டச் பார்க்கும் கடையில் சோதித்து வாங்கிய சீட்டைப் பில்லோடு சேர்த்துக் குத்தி வைப்பது என்று ஒரு வழக்கத்தை ஏற்படுத்தினேன். வேலை நெருக்கும் நாட்களில் அதைத் தவறாமல் செய்வதுதான் கடினம். ஸ்டேட்டஸைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பது அதோடு ஒப்பிட்டால் சுலபம். தீபாவளிக் கொள்முதலுக்கு வெளியூர் வியாபாரிகள் வந்தபோது, சீட்டுகளை அடுக்கி வைத்திருந்த கோப்பை அவர்கள் முன் வைத்தேன். ஒருவர் எதுவும் பேசாமல் ஒரு ஜோடியை எடுத்துக்கொண்டு போய், வேறொரு கடையில் சோதித்துவிட்டு வந்து, வழக்கமான அளவுக்கு ஆர்டர் கொடுத்தார். இன்னொருவர் அந்த வீடியோவைப் பார்த்ததிலிருந்து என் பட்டறைக்கு வரவேயில்லை; இன்றுவரை வரவில்லை.

இந்த இடத்தில் ஓர் ஆதங்கத்தையும் கொட்டிவிடுகிறேன். நம் ஊரில் பொறுமையை அடிபட்டவனுக்கு மட்டுமே உபதேசிப்பார்கள். வீடியோ போட்டவரிடம் ‘கொஞ்சம் பொறுத்திருக்கலாமே’ என்று சொல்ல ஒரு பெரிய மனிதரும் முன்வரவில்லை. என்னிடம் வந்து ‘விட்டுக்கொடு, உறவு முக்கியம்’ என்றவர்கள் ஏராளம். நான் விட்டுக்கொடுக்கவில்லை. நேரம் எடுத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

அந்தப் பாடல்களில் குடும்பத்தை இழுத்துப் பேசியதும், நிரூபிக்கப்படாத அருவருப்பான குற்றச்சாட்டுகளும் இருக்கின்றன. அவற்றை நான் நியாயப்படுத்துவதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பாட்டாலும் எழுத்தாலும் அடித்துக்கொள்வது அந்நியப் பழக்கம் என்பவர்கள் மட்டும், லாவணிப் பாட்டில் மன்மதன் எரிந்தான் என்ற எரிந்த கட்சியும் எரியவில்லை என்ற எரியாத கட்சியும் விடிய விடிய மோதியதையும், வள்ளலாரின் பாடல்கள் அருட்பாவா மருட்பாவா என்று, அவரும் ஆறுமுக நாவலரும் மறைந்த பின்னும் ஓயாமல் நடந்த போரையும் ஒருமுறை நினைத்துப் பார்க்கட்டும். கென்ட்ரிக்தான் வென்றார் என்று வாதாடுவதும் என் நோக்கமல்ல. 2025 பிப்ரவரியில் அந்தச் சண்டைப் பாடல்களில் ஒன்று ஐந்து கிராமி விருதுகளைப் பெற்றது உண்மை. ஆனால் எனக்கு அதே அளவு மதிப்பாகத் தோன்றுவது ஜே. கோல் செய்த காரியம். அவரும் கென்ட்ரிக்கைத் தாக்கி ஒரு பாடல் வெளியிட்டார். இரண்டே நாளில் தம்முடைய விழா மேடையிலேயே வருத்தம் தெரிவித்து, பின்னர் அதை நீக்கியும் விட்டார். கேலி செய்வார்கள் என்று தெரிந்தே ஒதுங்குவதற்கும் ஒரு கட்டுப்பாடு வேண்டும்.

தம்பியைத் தடுக்காதீர்கள்; கூடவே உட்கார்ந்து கேளுங்கள். 2013 பாடலைக் கேட்டுவிட்டு நேரே 2024க்குப் போய், வெளியான தேதி வரிசையிலேயே கேட்கச் சொல்லுங்கள். இடையிலுள்ள மௌன நாட்கள் அப்போதுதான் கண்ணில் படும். வரிகளைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது, அந்த ஆங்கிலம் நமக்கு எளிதில் பிடிபடாது. பாட்டைப் பாதியில் நிறுத்தி நிறுத்திக் கத்தும் விமர்சன வீடியோக்கள் மட்டும் வேண்டாம்.