வாசகர் கேள்வி-பதில்: முப்படைக் கமாண்டோக்களுக்கு ஒரே தலைமை

கேள்வி: பாரா, மார்கோஸ், கருட் மூன்றையும் ஒரே தலைமையின் கீழ் கொண்டுவந்துவிட்டதாக 2019-ல் படித்தேன். இன்னமும் தனித்தனியாகவே இயங்குவதுபோல் இருக்கிறதே?
– வாசகர், தஞ்சாவூர்

நீங்கள் படித்ததும் சரி, பார்ப்பதும் சரி. 2012-ல், பாதுகாப்புச் சீர்திருத்தம் பற்றி ஆராய அரசு அமைத்த நரேஷ் சந்திரா குழு கேட்டது ஒரு முழு கமாண்ட், அதாவது தனிக் கட்டளையகம். 2019-ல் கிடைத்தது அதைவிடச் சிறிய ஒரு பிரிவு. முப்படைகளிலிருந்தும் எடுத்த குழுக்களோடு, மேஜர் ஜெனரல் ஏ.கே. திங்ராவை முதல் தலைவராகக் கொண்டு அது அமைந்தது. மற்றபடி பாரா சிறப்புப் படைப் பட்டாலியன்கள் ராணுவத்திடமும், 1987-ல் தொடங்கிய மார்கோஸ் கடற்படையிடமும், 2004-ல் தொடங்கிய கருட் விமானப்படையிடமும்தான் இருக்கின்றன. ஆள் எடுப்பது, பயிற்சி, பதவி உயர்வு எல்லாமே தாய்ப்படையின் கையில்.

ஒரு கூட்டுத் தலைமைக்கு உண்மையான அதிகாரம் இருக்கிறதா என்று அறிய மூன்று விஷயங்களைப் பாருங்கள். பணம் யார் கையில்? ஹெலிகாப்டர் யாருடையது? அதிகாரியின் பணியை மதிப்பிடும் வருடாந்திர ரகசிய அறிக்கையை எழுதுவது யார்? மூன்றுக்கும் ‘தாய்ப்படை’ என்றே பதில் வந்தால், தலைமையகம் கேட்டு வாங்கும் இடத்தில்தான் நிற்கிறது. உத்தரவிடும் இடத்தில் இல்லை. எங்கள் பார்வையில் இந்தியா இன்று நிற்பது இந்த இடத்தில்தான்.

கேள்வி: அமெரிக்காவில் இது எப்படி நடந்தது? அங்கே படைகள் எதிர்க்கவில்லையா?
– வாசகி, ஓசூர்

கடுமையாக எதிர்த்தன. ஒரு பெருந்தோல்விக்குப் பிறகும்கூட ஏழு ஆண்டுகள் பிடித்தன.

1980 ஏப்ரல் 24 இரவு, தெஹ்ரானில் சிக்கிய அமெரிக்கப் பிணைக்கைதிகளை மீட்க ஒரு அமெரிக்கப் படை ஈரானுக்குள் போனது. கமாண்டோக்கள் தரைப்படை, சி-130 விமானங்கள் விமானப்படை, ஹெலிகாப்டர்கள் கடற்படையுடையவை, அவற்றை ஓட்டியவர்களில் பெரும்பாலோர் மரைன்கள். எல்லோரும் ஒன்றாகச் சேர்ந்து ஒருமுறைகூட முழு ஒத்திகை பார்க்கவில்லை. நிமிட்ஸ் விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து 8 ஹெலிகாப்டர்கள் கிளம்பின. பாலைவனத்தில் குறைந்தது 6 தேவை. ஒன்றைச் சுழலும் விசிறித் தகட்டில் கோளாறு என்ற எச்சரிக்கையால் வழியிலேயே விட்டார்கள். இன்னொன்று புழுதிப் புயலில் திரும்பிப்போனது. மூன்றாவது, வந்து சேர்ந்தபின் ஹைட்ராலிக் பழுதால் முடங்கியது. மிஞ்சியது 5. திட்டத்தைக் கைவிட்டுக் கிளம்பும்போது ஒரு ஹெலிகாப்டர் சி-130 மீது மோதி 8 பேர் இறந்தார்கள்.

அந்த ஆண்டு இறுதியிலேயே ஒரு கூட்டுக் கட்டளையகம் தொடங்கினார்கள். மறு ஆண்டு, இரவில் தாழப் பறப்பதையே தொழிலாகக் கொண்ட தனி ஹெலிகாப்டர் அணி, இன்றைய 160-வது ரெஜிமென்ட், உருவானது. ஈரான் தந்த நேரடிப் பாடம் இதுதான்: கமாண்டோவையும் அவரைச் சுமக்கும் விமானியையும் சேர்த்தே வளர்க்க வேண்டும்.

ஆனாலும் 1983 கிரெனடாவில் மறுபடி சிக்கல். கடற்படைக் கமாண்டோக்களான சீல் வீரர்கள் நான்கு பேர் சண்டை தொடங்கும் முன்பே கடலில் மூழ்கினார்கள். கடைசியில் நாடாளுமன்றமே, நன், கோஹென் என்ற இரு செனட்டர்களின் பெயரால் வழங்கும் நன்–கோஹென் திருத்தத்தால் சட்டம் போட்டது. 1987 ஏப்ரல் 16-ல் ஃப்ளோரிடாவின் மெக்டில் தளத்தில் சிறப்பு நடவடிக்கைக் கமாண்ட் தொடங்கியது. கடற்படை அப்போதும் சீல் பிரிவைத் தர மறுத்தது; பாதுகாப்பு அமைச்சர் வெயின்பெர்கர் உத்தரவிட்ட பிறகே விட்டுக்கொடுத்தது.

அந்தச் சட்டத்தின் உயிர்நாடி பணம். கமாண்டுக்கென்று பட்ஜெட்டில் ‘திட்டம் 11’ என்ற தனித்தலைப்பு இருக்கிறது. வீரரின் சம்பளத்தையும் சாதாரண சி-130-ஐயும் தாய்ப்படை தரும். அதே சி-130-இல் மலை மடிப்புகளை ஒட்டித் தாழப் பறக்க வேண்டிய ரேடாரைப் பொருத்தும் செலவு கமாண்டுடையது. இந்தக் கோட்டைத் தெளிவாகப் போடாவிட்டால் ஒவ்வொரு ரேடியோவுக்கும் சண்டை வரும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஆளைத் தயார்செய்வது கமாண்ட். பெரும்பாலான நடவடிக்கைகளை நடத்துவது அந்தந்தப் பிராந்தியத் தளபதி. இரண்டையும் ஒருவரிடமே கொடுத்தால், தரைப்படை ஒரு பக்கமும் கமாண்டோக்கள் இன்னொரு பக்கமும் ஒரே ஊரில் இரண்டு போர் நடத்துவார்கள்.

கேள்வி: 1987 அக்டோபரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் இந்தியப் படை பட்ட அடி, கூட்டுத் தலைமை இருந்திருந்தால் தவிர்ந்திருக்குமா?
– வாசகர், திருச்சி

பாதி மட்டுமே. புலிகள் முன்கூட்டியே அறிந்து காத்திருந்தார்கள். அதை எந்தத் தலைமையகமும் சரிசெய்திருக்காது. ஆனால் பல தவணையாக ஆள் இறக்க வேண்டிய திட்டத்துக்கு ஒரு சில மி-8 ஹெலிகாப்டர்களே இருந்தன. முதல் தவணைகளிலேயே அவை குண்டடி பட்டதால் மீதிப் பேர் வரவில்லை. பாரா கமாண்டோக்களோடு போயிருக்க வேண்டிய 13-வது சீக்கிய லைட் காலாட்படையில் இறங்கியவர்கள் சுமார் 30 பேர். அவர்களில் ஒருவர்தான் உயிருடன் பிடிபட்டார். ஹெலிகாப்டர்கள் வராவிட்டால் இறங்கியவர்கள் என்ன செய்வார்கள் என்ற கேள்வியைத் திட்டமிடும் மேசையிலேயே விமானியும் கமாண்டோவும் சேர்ந்து கேட்டிருக்க வேண்டும். அந்த மேசையைத்தான் கூட்டுத் தலைமை நிரந்தரமாக்குகிறது.

கேள்வி: தேசியப் பாதுகாப்புப் படையையும் இதில் சேர்க்கலாமே?
– வாசகர், கோவை

வேண்டாம். அது உள்துறை அமைச்சகத்தின் கீழ், நாட்டுக்குள் நடக்கும் கடத்தல், பிணைக்கைதி மீட்புக்கானது. அதன் தாக்குதல் பிரிவில் ராணுவத்தினர் அயல்பணியில் வருகிறார்கள் என்பதே போதுமான இணைப்பு.

கேள்வி: ராணுவ அதிகாரியின் கீழ் இருக்கும் கருட் வீரர் ஒழுங்கு மீறினால் தண்டிப்பது யார்?
– வாசகி, நாகர்கோவில்

பலர் கவனிக்காத நல்ல கேள்வி. ராணுவச் சட்டம், விமானப்படைச் சட்டம் இரண்டும் 1950-இல் வந்தவை. கடற்படைச் சட்டம் 1957. முன்பு ஒரு படையின் அதிகாரிக்கு இன்னொரு படையின் வீரர்மீது ஒழுங்கு அதிகாரம் இருக்கவில்லை. ஆகவே தவறு செய்தவரைத் தாய்ப் பிரிவுக்குத் திருப்பி அனுப்பி, அங்கே விசாரணை நடத்தினார்கள். களத்தில் ஆள் குறைவதோடு, ‘இவர் என்னை ஒன்றும் செய்ய முடியாது’ என்ற எண்ணமும் பரவ இடமிருந்தது. 2023-ல் முப்படை அமைப்புகளுக்கான கட்டளை, ஒழுங்குச் சட்டம் வந்து, 2024 மே 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. கூட்டு அமைப்பாக அரசு அறிவிக்கும் இடத்தின் தளபதி, எந்தப் படை வீரர் மீதும் நேரடியாக நடவடிக்கை எடுக்கலாம். வீரருக்கு அவரவர் படைச் சட்டமே பொருந்தும். அதைச் செயல்படுத்தும் கைதான் மாறியிருக்கிறது.