முடியை எண்ணுகிறவர்கள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

ஆப்பிரிக்க மலைக்காடுகளின் மண்ணில் வாழும், கண் ஏறக்குறைய இல்லாமலே போய்விட்ட வண்டுகளைப் பற்றி நீங்கள் எழுதிய குறிப்பைப் படித்தேன். ஆர்வத்தில் புது இனங்களை விவரிக்கும் கட்டுரைகள் இரண்டு மூன்றைத் தேடி எடுத்தேன். ஏமாற்றம்தான். எந்த இடத்தில் எத்தனை முடி, ஆண் உறுப்பு எப்படி வளைகிறது என்று பக்கம் பக்கமாகப் போகிறது. அது என்ன தின்னும், எப்படி வாழும் என்று கேட்டால் பதில் இல்லை. டி.என்.ஏ. எடுத்துப் பார்த்தால் ஒரே நாளில் முடிகிற வேலைக்கு ஏன் இவ்வளவு கணக்கு? நான் விலங்கியல் நடத்துகிறவள்தான். எனக்கே பொறுமை போய்விட்டது.

முத்துலட்சுமி

அன்புள்ள முத்துலட்சுமி,

பொறுமை போகத்தான் செய்யும். அந்தக் கட்டுரைகள் உட்கார்ந்து வாசிக்க எழுதப்படுபவை அல்ல. நுண்ணோக்கியின் கீழே ஒரு வண்டை வைத்துக்கொண்டு, இது ஏற்கெனவே பெயர் வைத்ததா, புதுசா என்று தவிக்கிற ஒருவருக்காக எழுதப்படுபவை. அவர் இன்னும் பிறக்காதவராகக்கூட இருக்கலாம்.

சரி, ஏன் முடி? நான் குறிப்பில் சொன்ன ஆன்டிரைக்கியா பேரினத்தையே எடுத்துக்கொள்வோம். பெல்ஜியத்தின் தெர்வூரன் அருங்காட்சியகத்தில் வேலை பார்த்த பியர் பசிலெவ்ஸ்கி 1951இல் ஏற்படுத்திய பேரினம் அது. உடல் இரண்டு மில்லிமீட்டர் அளவு, இடுப்பு ஒடுங்கியிருக்கும், மண்ணைத் தோண்ட வாகாக முன்காலில் பற்கள் உண்டு. பறக்கும் பின்சிறகு கிடையாது. கண் சுருங்கிப்போயிருக்கும். நிறமும் வெளிறிய பழுப்புதான். இருட்டில் வாழ்கிறவனுக்குக் கண்ணும் நிறமும் எதற்கு என்று மண் எல்லாவற்றையும் உருவிக்கொண்டுவிட்டது.

சிக்கல் இங்கேதான். மண்ணுக்குள் இறங்கிய எந்த வண்டு வம்சமானாலும் இழப்பது இதே பொருள்களைத்தான். வேறு வேறு குடும்பத்து வண்டுகள்கூடக் கடைசியில் சிறுத்து, வெளிறி, கண்ணும் சிறகும் இல்லாமல் ஒன்றுபோல வந்து நிற்கின்றன. ஒரே பேரினத்துக்குள் என்றால் கேட்கவே வேண்டாம். பட்டாம்பூச்சி ஆய்வாளருக்கு வண்ணம் இருக்கிறது, பறவைக்காரருக்குக் குரல் இருக்கிறது. இவர்களுக்கு மிஞ்சியது முடியும் ஆண் உறுப்பும்தான். அதனால்தான் அவற்றை அப்படிக் கட்டிக்கொண்டு அழுகிறார்கள்.

அந்த முடிகள் கண்டபடி முளைத்தவை அல்ல. தொடு உணர்வுக்கானவை, ஒவ்வொன்றும் தனக்கென்று இருக்கும் ஒரு சின்னக் குழியிலிருந்து கிளம்பும். முதுகை மூடும் கெட்டியான முன்சிறகில் எந்த வரியில் எத்தனை குழி என்பது இனத்தைப் பிரிக்க உதவுகிறது. சருகைச் சலித்து வண்டைப் பிடிக்கும்போது முடி உடைந்துபோகலாம். ஆனால் விளக்கைக் கொஞ்சம் சாய்த்துப் பார்த்தால் குழி தெரிந்துவிடும். ஆக, அவர்கள் பல நேரங்களில் எண்ணுவது முடியைக்கூட அல்ல, முடி இருந்த குழியை!

ஆண் உறுப்பு பற்றியும் கேட்டிருந்தீர்கள். காய்ந்த வண்டை வெந்நீரில் ஊறவைத்து, நுனி வளைந்த ஊசியால் வயிற்றின் கடைசிக் கண்டத்தை இழுத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் போட்டுச் சதையைக் கரைத்தால் கெட்டியான ஒரு வளைந்த குழாய் மிஞ்சும். தும்மினால் போச்சு. வெளியே அச்சு அசலாக ஒன்றுபோல இருக்கும் இரண்டு இனங்களிலும் இந்தக் குழாயின் வளைவும் நுனியும் பெரும்பாலும் வேறாக இருக்கும். 1911-12இல் சார்ல் அல்லுவோவுடன் கிழக்கு ஆப்பிரிக்க மலைகளில் அலைந்து பூச்சி சேர்த்த பிரெஞ்சுக்காரர் ரெனே ஜானெல், 1955இல் இந்த ஓர் உறுப்பைப் பற்றியே தனி நூல் எழுதினார். பார்த்து முடித்ததும் அதைச் சின்ன அட்டையில் ஒட்டி, அதே வண்டின் குண்டூசியிலேயே குத்தி வைப்பார்கள். மாறிப்போனால் எல்லாம் வீண்.

டி.என்.ஏ.வும் எடுக்கிறார்கள், எடுக்கவும் வேண்டும். ஆனால் பெயர் என்பது டி.என்.ஏ. எழுத்துகளின் வரிசையோடு அல்ல, ஹோலோடைப் என்று குறித்துவைத்த ஒரே ஒரு வண்டோடு கட்டப்பட்டது. 2000 முதல் நடப்பில் இருக்கும் விலங்கியல் பெயரிடல் விதிகளின்படி, அந்த மாதிரி எது, எந்தக் காப்பகத்தில் இருக்கும் என்று சொல்லாமல் புது இனத்துக்குப் பெயர் வைக்க முடியாது. எழுபது வருடமாகக் காய்ந்து கிடக்கும் ஹோலோடைப்பில் நல்ல டி.என்.ஏ. கிடைப்பது அதிர்ஷ்டம். முடிக்குழி அப்படியே இருக்கும்.

இந்தக் கணக்கால் என்ன கிடைத்தது என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். ஆன்டிரைக்கியாவைக் கிழக்கு ஆப்பிரிக்க மலைகளின் சொத்து என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தார்கள். 2009இல் கிரெபென்னிகோவ், புலிர்ஷ், மக்ரினி என்ற வண்டு ஆய்வாளர்கள் மூவரும் மேற்கே இருக்கும் கேமரூனிலிருந்து நான்கு புதிய இனங்களை விவரித்தார்கள். கிழக்கே உகாண்டா எல்லையில் இருக்கும் ருவென்சோரி மலைக்கும் கேமரூன் மலைக்கும் நடுவே இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல். இடையில் காங்கோப் படுகை. பறக்கத் தெரியாத, வெயில் பட்டால் காய்ந்துவிடும் ஒரு பூச்சி அவ்வளவு தூரம் நடந்தா போயிருக்கும்? அதன் மூதாதைகளுக்குத் தோதான ஈரமும் காடும் ஏதோ ஒரு காலத்தில் தொடர்ந்து இருந்திருக்க வேண்டும் என்றுதான் யோசிக்கத் தோன்றுகிறது. பறவையை வைத்து இப்படிக் கேட்க முடியாது, அது பறந்து போயிருக்கும். ஆனால் இந்தக் கேள்விக்கே வர வேண்டுமென்றால், கேமரூன் வண்டும் கிழக்கத்திய வண்டும் ஒரே பேரினம், ஆனால் வேறு இனங்கள் என்று யாராவது முதலில் காட்டியாக வேண்டும். மறுபடியும் முடிதான்.

வாழ்க்கையைப் பற்றி ஒன்றும் இல்லை என்ற குறை மட்டும் நியாயமானது. அதற்குக் காரணம் பிடிக்கும் முறை. காட்டில் ஈரச்சருகை அள்ளி, கம்பி வலை கட்டிய துணிப்பையில் போட்டு உலுக்குவார்கள். அடியில் விழும் தூளை வலைப்பைகளில் நிரப்பி, வின்க்லர் என்ற துணிக்கூண்டுக்குள் தொங்கவிடுவார்கள். தூள் காயக் காயப் பூச்சிகள் வெளியேறிக் கீழே வைத்திருக்கும் ஆல்கஹால் குப்பியில் விழும். ஆக, விவரித்தவர்களில் பெரும்பாலோர் அந்த வண்டு தன் இடத்தில் நடப்பதைக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். பிறகு அது தின்றதை எங்கே பார்ப்பது? ஆனால் எந்த மரத்தடிச் சருகு, எவ்வளவு ஆழம், மண் எவ்வளவு ஈரம், கூட வேறு என்ன பூச்சிகள் விழுந்தன என்பதையெல்லாம் எழுதத் தடை ஒன்றும் இல்லை. பல கட்டுரைகளில் 'சலித்த இலைச்சருகு' என்று இரண்டு சொல்லோடு விஷயம் முடிந்துவிடுகிறது. முடிக்கு அரைப்பக்கம் கொடுக்கிறவர்கள் சருகுக்கு நாலு வரி கொடுக்கலாம். அந்த விஷயத்தில் நான் உங்கள் கட்சிதான்.