வாசகர் கேள்வி: பிள்ளைகள் கையில் கேமரா

வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்குப் புகைப்படக்கலை சொல்லித்தரும் சமூக நிறுவனங்களைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தோம். செட்டிநாட்டுப் பக்கமிருந்து நிறையக் கேள்விகள் வந்தன. ஒரே விஷயத்தைக் கேட்டவற்றைச் சேர்த்து, பயன்படக்கூடியவற்றை இங்கே தருகிறோம்.

ஆத்தங்குடித் தரைக்கல் செய்யும் பட்டறையிலும் தறியிலும் வேலை பார்ப்பவர்களின் பிள்ளைகள் 12 பேர், 13 முதல் 16 வயது. கையில் ஒரு லட்சம் இருக்கிறது. என்ன கேமரா வாங்கலாம்?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, காரைக்குடி

ஒரு லட்சத்துக்கும் கேமரா வாங்கிவிடாதீர்கள் டீச்சர். பலர் தவறுவது இங்கேதான். ஆறு கேமரா வாங்கி, இருவருக்கு ஒன்று என்று கொடுத்துவிடுவார்கள். மூன்றாம் வாரம் பிரிண்ட் போடக் காசிருக்காது. படம் கம்ப்யூட்டருக்குள்ளேயே கிடக்கும், பிள்ளைகளுக்கும் ஆர்வம் போய்விடும்.

நான்கு போதும். கேனான் 1300டி, நிக்கான் டி3400 போன்ற பழைய மாடல்கள் 18-55 லென்ஸோடு ₹15,000–20,000க்குள் கிடைக்கும். ஒன்று ₹16,000 என்று வைத்தால் 64,000 ஆயிற்று. உபரி பேட்டரி நான்குக்கு 4,000. 32 ஜிபி கார்டு எட்டுக்கு 4,000. ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்க் இரண்டுக்கு 10,000. இரண்டிலும் ஒரே படங்கள் இருக்க வேண்டும்; ஒன்று உங்கள் வீட்டில், மற்றது வேறு ஊரில். வாரம் ஆளுக்கு ஐந்து வீதம் 12 வாரத்துக்கு 4x6 பிரிண்ட் 720 வரும். ஒன்று பத்து ரூபாய் என்றால் 7,200. மீதி பத்தாயிரத்துச் சொச்சம் பஸ் காசுக்கும் டீ, வடைக்கும். இந்தக் கடைசிக் கணக்கைப் பலர் போடுவதில்லை. பஸ் காசு இல்லாமல்தான் பிள்ளைகள் வகுப்புக்கு வராமல் நின்றுபோவார்கள்.

மூவருக்கு ஒரு கேமரா வருவதில் நன்மையும் உண்டு. ஒருவர் எடுக்க, இன்னொருவர் தெர்மகோல் அட்டையால் வெளிச்சம் திருப்ப, மூன்றாமவர் படத்தில் இருப்பவரிடம் பேசி, பெயரும் விவரமும் நோட்டில் குறிக்கலாம். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை மாறிக்கொள்ளட்டும்.

பழைய கேமரா வாங்கும்போது லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்திவலை போலத் தெரிந்தால் அது பூஞ்சை, வேண்டாம். லென்ஸ் துவாரத்தை மிகச் சிறிதாக்கி (எஃப்/22) வெள்ளைச் சுவரைப் படமெடுத்தால் சென்சாரில், அதாவது படம் பதியும் சில்லில், உள்ள தூசி கறுப்புப் புள்ளியாகத் தெரியும். இது துடைத்தால் போகும், பேரம் பேச உதவும். கார்டு போடும் இடத்தில் கம்பி வளைந்திருக்கிறதா, பேட்டரி உப்பியிருக்கிறதா என்றும் பாருங்கள். நிக்கானில் ஷட்டர் எத்தனை முறை ஓடியது என்பது படத்தின் கோப்பிலேயே பதிந்திருக்கும். கேனான் மாடல்கள் பெரும்பாலானவற்றில் அப்படி இருக்காது. பார்க்கப் பெரும்பாலும் தனி மென்பொருள் வேண்டும்.

காரைக்குடிப் பழம்பொருள் கடையில் மரப்பெட்டி கேமரா கண்ணில் பட்டால் ஆசை வரும். வரவேற்பறைக்கு அழகு, வகுப்புக்கு உதவாது.

செட்டிவீட்டு வளவில் வைத்து எடுத்தால் முற்றம் வெளேரென்று போகிறது, இல்லையென்றால் ஆள் கறுத்துப்போகிறார். கேமராக் கோளாறா?
– பிளஸ் ஒன் மாணவன், கானாடுகாத்தான்

கேமராவில் ஒரு கோளாறும் இல்லை, தம்பி. வெயில் விழும் முற்றத்துக்கும் சுற்றுத் தாழ்வாரத்து நிழலுக்கும் வெளிச்சம் பதினாறு மடங்கு, சமயத்தில் முப்பது மடங்கு வித்தியாசப்படும். நம் கண் இரண்டையும் சமாளித்துவிடும். சென்சாரால் ஒன்றைத்தான் ஒழுங்காகப் பிடிக்க முடியும்.

நிற்கும் இடத்தை மாற்றிப் பார். ஆளைத் தாழ்வாரத் தூணருகே முற்றத்தைப் பார்த்து உட்காரவை. நீ முற்றத்துக்கு முதுகு காட்டி நில். அவருக்குப் பின்னால் உள்ளறைக் கதவின் இருட்டு வரும். முற்றத்துத் தரையில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் முகத்தில் மென்மையாக விழும். ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளியுணர்வு) 800, ஷட்டர் 1/125 வினாடி, லென்ஸை எவ்வளவு திறக்க முடியுமோ அவ்வளவு. உச்சி வெயிலில்கூட இப்படி நல்ல படம் வரும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. ஆத்தங்குடிக் கல் பதித்த தரை சிவப்பாக இருந்தால் அந்தச் சிவப்பு தாடையிலும் கழுத்திலும் ஏறும். ஆளின் காலடியில் படத்துக்குள் வராதபடி ஒரு வெள்ளை வேட்டியை விரி, சரியாகிவிடும். வெள்ளைச் சுவர் முன்னால் ஆளை நிறுத்தினால் கேமரா ஏமாந்து முழுப் படத்தையும் இருட்டாக்கும். ஆட்டோவில் எடுத்தால் எக்ஸ்போஷரை +1க்கு ஏற்றிக்கொள். போனில் எடுத்தால் முகத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்துப் பூட்டிவிட்டு, சூரியக் குறியை மேலே கீழே நகர்த்து.

போனில் அழகுபடுத்தும் வசதியை முதல் நாளே அணைத்துவிடு. பல போன்களில் அது நாம் கேட்காமலே வேலை செய்து, மாநிறத்தையும் கறுப்பையும் வெளுத்துக் காட்டும். வாங்கி வரும்போதே நம் நிறத்தைத் தவறென்று சொல்லும் கருவியை வைத்துக்கொண்டு யாருடைய முகத்தை எடுப்பது?

மழைக்காலத்தில் கேமராவை எப்படி வைப்பது?
– புதுவயல் வாசகர்

கேமரா வந்த தோல் பையிலும் பீரோவிலும் வைக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் முதலில் பூஞ்சை பிடிப்பது அங்கேதான். ரப்பர் விளிம்புள்ள, காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரமானி. முள் 40-லிருந்து 50-க்குள் நிற்க வேண்டும். ஜெல் நிறம் மாறினால் சமையலுக்கு எடுக்காத ஓவனில் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் காயவைத்தால் மறுபடி பயன்படும். நீல நிற ஜெல்லில் கோபால்ட் உப்பு இருக்கிறது. பிள்ளைகள் புழங்கும் இடத்துக்கு ஆரஞ்சு நிறத்தது வாங்குங்கள், சமையல் ஓவனில் காயவைக்காதீர்கள்.

கோடையில் எதிரி செம்மண் புழுதி. கல் பட்டறையில் சிமென்ட் தூளும் சேரும். அங்கே நின்று லென்ஸைக் கழற்றவே கூடாது. உள்ளே தூசி போனால் வாயால் ஊதாதீர்கள், எச்சில் தெறிக்கும். ரப்பர் பம்பு போதும்.

எங்கள் மகள் (15) எடுத்த படத்தை வகுப்பு நடத்துகிறவர்கள் காலண்டரில் போட்டு விற்றார்கள். எங்களைக் கேட்கவில்லை. ‘எங்கள் கேமராவில் எடுத்ததுதானே’ என்கிறார்கள். சரியா?
– ஒரு தாய், தேவகோட்டை வட்டம்

சரியில்லை அம்மா. பதிப்புரிமைச் சட்டம் 1957-இன்படி புகைப்படத்தின் ஆசிரியர் அதை எடுத்தவர். கேமரா யாருடையது என்பது அங்கே கேள்வியே இல்லை. சம்பளத்துக்கு வேலை பார்க்கும்போதோ, காசு கொடுத்து எடுக்கச் சொன்னபோதோ எடுத்த படத்துக்குத்தான் கணக்கு மாறும். உங்கள் மகள் படிக்கப் போனவள். உரிமை அவளுடையது.

உரிமையை மாற்றிக் கொடுப்பதென்றால் எழுத்தில்தான் கொடுக்க முடியும். அதில் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். 18 வயது நிறையாதவர் போடும் ஒப்பந்தம் செல்லாது. ஆகவே உங்கள் கையெழுத்து வேண்டும். அவளுடைய சம்மதத்தையும் தனியாகக் கேட்பதுதான் முறை.

எந்தப் படம், எதற்கு (காலண்டரா, தபால் அட்டையா, இணையமா), எத்தனை ஆண்டு, விற்றால் யாருக்கு எவ்வளவு, வேண்டாமென்றால் எப்படி நிறுத்துவது – இந்த ஐந்தையும் எளிய தமிழில் ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். சேரும் நாளன்றே ‘எல்லாப் படமும் எப்போதும் எங்களுக்கே’ என்று ஒரு வரியில் கையெழுத்து கேட்டால் போடாதீர்கள்.

வகுப்பு நடத்துகிறவர்களுக்கும் இரண்டு சொல்ல வேண்டும். காப்பகத்துப் பிள்ளைகளின் முகம், பெயர், பள்ளி எதையும் வெளியிடக் கூடாது. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் தடுக்கிறது. போன் கேமராவில் இருப்பிடம் பதியும் வசதியை அணைத்துவையுங்கள். இல்லையென்றால் முழுக் கோப்பாகப் பகிரும் படத்தோடு பிள்ளையின் வீடு இருக்கும் இடமும் சேர்ந்து போகும்.

டிரஸ்ட் ஆரம்பிப்பதா, கம்பெனியா? பிள்ளைகளைக் கல்யாண வேலைக்கு அனுப்பி வருமானம் பார்க்கலாமா?
– ஸ்டுடியோ உரிமையாளர், கல்லல்

சமூக நிறுவனம் என்ற பெயரில் நம் நாட்டில் தனிப் பதிவு கிடையாது. டிரஸ்ட், சங்கம், கம்பெனிச் சட்டம் 2013-இன் 8-ஆம் பிரிவுக் கம்பெனி ஆகிய மூன்றில் ஒன்றைத்தான் பெரும்பாலும் எடுக்கிறார்கள். 8-ஆம் பிரிவில் லாபத்தைப் பங்குதாரர் பிரித்துக்கொள்ள முடியாது. ஆனால் படம் விற்ற காசில் எடுத்த பிள்ளைக்குத் தருவது லாபப் பங்கு ஆகாது. அது உரிமத் தொகை, செலவுக் கணக்கில் வரும். அச்சுச் செலவு போக மீதியில் பாதிக்குக் குறையாமல் பிள்ளைக்கு என்பது எங்கள் கட்சி. பத்து வயது நிறைந்தவர்கள் தாமே சேமிப்புக் கணக்கு வைத்துக்கொள்ள ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது. கையில் கொடுக்காமல் கணக்கில் போடுங்கள்.

கல்யாண வேலை 18-க்குப் பிறகு. விடிகாலை முகூர்த்தம், நள்ளிரவு வரவேற்பு, மறுநாள் பள்ளிக்கூடம் எல்லாம் சேர்ந்து ஓடாது. இலவச உதவியாள் கிடைக்கிறார்கள் என்று இதை நினைக்கும் ஸ்டுடியோக்களும் உண்டு. உங்களைச் சொல்லவில்லை அண்ணே. பிரிண்ட் போடுவது, ஆல்பம் கட்டுவது, பழைய படங்களை ஸ்கேன் செய்து துடைத்துத் தருவது ஆகியவற்றைப் பகலில் உங்கள் கடையில் பழகலாம். செட்டிநாட்டு வீடுகளில் பர்மா காலத்துப் படங்கள் பெட்டகம் பெட்டகமாக இருக்கின்றன. அந்த வேலைக்கு ஆள் பஞ்சம்.

படம் எடுத்தால் வயிறு நிறையுமா? ஏன் இந்த வீண் வேலை?
– கல் பட்டறைத் தொழிலாளி, ஆத்தங்குடி

நியாயமான கேள்வி. எல்லாரும் புகைப்படக்காரர் ஆகிவிட மாட்டார்கள். அப்படிச் சொல்லி ஆள் சேர்ப்பவர்களை நம்பாதீர்கள்.

உலகத்தில் இது எப்படி நடந்தது என்று பாருங்கள். ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனத்தில் புகைப்படக்காரராக இருந்த நான்சி மெக்கிர், 1991-இல் குவாத்தமாலா நகரத்துக் குப்பைமேட்டில் வாழ்ந்த ஆறு பிள்ளைகளோடு ஒரு வகுப்பு தொடங்கினார். அது ஃபோட்டோகிட்ஸ் என்ற அமைப்பாக வளர்ந்தது. கேமராவோடு பள்ளிப் படிப்புக்கான உதவியையும் சேர்த்ததுதான் அதன் பலம். கொல்கத்தாவில் பாலியல் தொழில் நடக்கும் பகுதியான சோனாகாச்சியில் பிள்ளைகளுக்குக் கேமரா கொடுத்ததைப் பற்றிய ஆவணப்படம் 2005-இல் ஆஸ்கர் வாங்கியது. பிள்ளைகளின் அடையாளம் வெளிப்பட்டதையும் வெளியிலிருந்து வந்தவர் காப்பாற்றுவதுபோல் காட்டியதையும் அப்போதே பலர் கண்டித்தார்கள். நம் ஊரில் 2022-இல் தயாநிதா சிங்–பாரி புகைப்பட விருதை (பாரி, கிராமப்புற வாழ்வைப் பதியும் இணைய இதழ்) முதலில் பெற்ற புகைப்படக்காரர் பழனிக்குமார், உழைக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தமிழிலேயே சொல்லித்தருகிறார். எங்களுக்குப் பிடித்த வழி இது.

தரைக்கல் செய்யும் உங்கள் தொழிலையே எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடியைத் துடைப்பது, அச்சு வைப்பது, வண்ணம் ஊற்றுவது, மேலே காய்ந்த சிமென்ட் மணல் தூவுவது, கலவை நிரப்புவது, காயவிடுவது, தண்ணீரில் ஊறவைப்பது, கண்ணாடியிலிருந்து பளபளவென்று கழற்றுவது. இந்த எட்டையும் எட்டே படத்தில் சொல்லச் சொன்னால், எது முக்கியம், எதை விடலாம் என்று உங்கள் பிள்ளை முதல்முறையாக யோசிப்பான். கண்ணாடியில் வானம் மின்னும். நேராக நிற்காமல் பக்கவாட்டில் சாய்ந்து எடுக்கச் சொல்லுங்கள். பிரிண்டுகளைத் தரையில் பரப்பி, ‘இதில் என்ன தெரிகிறது? உண்மையில் என்ன நடக்கிறது? ஏன் இப்படி இருக்கிறது?’ என்று கேட்க வேண்டும். 1990-களில் சீனாவின் யுன்னான் கிராமத்துப் பெண்களோடு கரோலின் வாங், மேரி ஆன் பர்ரிஸ் இருவரும் வளர்த்த முறையில் கேட்கப்படும் கேள்விகள் இவை. பதில் சொல்லிப் பழகிய பிள்ளை, கூலி பேசும் இடத்திலும் வாய் திறக்கும்.

கேமராவே இல்லாமல் ஆரம்பிக்க முடியுமா?
– தமிழாசிரியர், பள்ளத்தூர்

முடியும், அப்படித்தான் ஆரம்பிக்க வேண்டும். செட்டிவீட்டு உள்ளறை ஒன்று போதும். ஜன்னலைக் கறுப்பு சார்ட் தாளால் முழுக்க அடைத்து, ஒரு சென்டிமீட்டர் ஓட்டை போடுங்கள். வெளியே வெயில் அடிக்க வேண்டும். பத்து நிமிடம் கண் பழகியதும் எதிர்ச் சுவரில் தெருவே தலைகீழாக நடக்கும். படம் மங்கலாக இருந்தால் ஓட்டை பெரிது. தெரியவே இல்லை என்றால் எங்கோ வெளிச்சம் கசிகிறது.

அடுத்தது நீல அச்சு, வெயிலால் தாளில் நீலப் படம் பதிக்கும் முறை. 1842-இல் ஜான் ஹெர்ஷெல் கண்டுபிடித்தது. பச்சை நிற ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட் 25 கிராம் 100 மில்லி தண்ணீரில் ஒரு பாட்டில். பொட்டாசியம் ஃபெரிசயனைடு 10 கிராம் 100 மில்லியில் இன்னொன்று. இரண்டும் பழுப்பு நிற பாட்டில். அன்றன்றைக்கு வேண்டியதைச் சரிபாதி கலக்குங்கள். ஏ5 தாளுக்கு 2 மில்லி பிடிக்கும். 12 பேர், ஆளுக்கு இரண்டு தாள் என்றால் 25-ம் 25-ம் சேர்த்து 50 மில்லி. கெட்டியான ஓவியத் தாளில், கையுறை போட்டு, தூரிகையால் தடவி, அதே இருட்டறையில் காயவையுங்கள். மேலே பனை ஓலைப் பின்னல், வேப்பிலை எதையாவது வைத்துக் கண்ணாடியால் அழுத்தி வெயிலில் ஐந்து முதல் பத்து நிமிடம். திறந்த பகுதி சாம்பல் நிறமானதும் எடுத்து, மஞ்சள் போகும்வரை தண்ணீரில் அலசுங்கள்.

அழகாக வந்த நீலம் அலசும்போதே வெளுத்தால் தண்ணீரில் காரம் அதிகம். போர் தண்ணீரில் இது நடக்கும். ஒரு வாளிக்கு இரண்டு மூடி வினிகர் விட்டால் நிற்கும். அதற்கு மேல் அமிலம் வேண்டாம். வலுவான அமிலம் ஃபெரிசயனைடோடு சேர்ந்தால் விஷ வாயு வரலாம். துணியில் எடுத்தால் சோப்புத்தூளும் சலவைச் சோடாவும் ஆகாது.

எங்கள் வீட்டில் பிள்ளைகளின் கண்காட்சி வைக்கக் கேட்கிறார்கள். சுவர் கெடாமல் எப்படி மாட்டுவது?
– ஓர் ஆச்சி, கொத்தமங்கலம்

ஆணியும் வேண்டாம், ஒட்டுத்தாளும் வேண்டாம் ஆச்சி. அந்தச் சுண்ணாம்புப் பூச்சை ஒருமுறை பெயர்த்தால் இன்று சரிசெய்ய ஆள் தேட வேண்டும். வளவுத் தூணுக்குத் தூண் சணல் கயிறு கட்டி, மரக் கிளிப்பில் தொங்கவிடச் சொல்லுங்கள். தூணில் கயிறு படும் இடத்தில் பழைய துணி சுற்றட்டும். பளபளப்புத் தாளில் முற்றத்து வெளிச்சம் மின்னும், மேட் தாள் கேளுங்கள். கேமராப் படத்துக்கு 12x18 அங்குலம், போன் படத்துக்கு 12x16. மாற்றிப் போட்டால் ஓரத்தில் தலை வெட்டுப்படும். ஸ்டுடியோவுக்குப் படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள், இல்லையென்றால் சுருங்கிப்போய் பிரிண்டில் கட்டம் கட்டமாகத் தெரியும். காற்றடித்தால் படம் சுழலும், கீழ் ஓரத்திலும் இரண்டு கிளிப் வேண்டும். படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து நாலரை அடியில் இருக்கட்டும்; பார்க்க வருபவர்களில் பாதிப்பேர் எடுத்த பிள்ளைகளின் தம்பி தங்கைகள்.

அடுத்த இதழில் போனிலேயே படங்களைத் திருத்துவது பற்றி. கேள்விகளைத் தபால் அட்டையிலும் அனுப்பலாம்.