பூனை மூத்திர மணம் எவ்வளவு கழுவினாலும் போகுதில்லை, என்ன செய்யலாம்?

கேட்டவர் சொன்னது இதுதான்: சீமெந்து நிலம், நெல்மூட்டை அடுக்கின அறை, கடுவன் பூனை ஒண்டு, பினைல் ஊத்தி ஊத்திக் கழுவியாச்சு, வெயில் நாளில ஒண்டும் இல்லை, மழை வெளிக்கிட்டா மூக்கைப் பொத்திக்கொண்டுதான் உள்ள போகலாம். நான் கிளிநொச்சிப் பக்கம், எங்கட வீட்டிலயும் நெல்லும் பூனையும் ஒரே அறைதான், அதால எனக்குத் தெரிஞ்சதைச் சொல்லுறன். பூனையைத் துரத்துங்கோ எண்டு மட்டும் சொல்லமாட்டன், அது இல்லாட்டி எலி வந்து மூட்டையை அரிக்கும், எலிக்குப் பின்னால பாம்பு வரும்.

ஏன் திரும்பித் திரும்பி வருதெண்டு முதல்ல பாப்பம். மூத்திரத்தில இருக்கிற யூரியா நாங்க வயலுக்கு எறியிற அதே யூரியாதான், தண்ணியில கரையும், கழுவப் போயிடும், மிஞ்சினதை கிருமி உடைச்சு அமோனியா ஆக்கும், அதுதான் கண் எரியிறது. மூத்திரத்தில இருக்கிற மற்றச் சாமான் யூரிக் அசிட் அப்பிடி இல்லை, லேசில தண்ணியில கரையாது, சீமெந்தில இருக்கிற சின்னச் சின்ன ஓட்டையளுக்குள்ள காய்ஞ்சு இறுகிப்போய் இருக்கும், ஆவணி வெயிலுக்கு சத்தமில்லாமக் கிடந்திட்டு ஐப்பசி மழையோட காத்தில ஈரம் ஏற மணம் திருப்பி எழும்பும். கடுவனெண்டா இன்னும் மோசம். பூனை மூத்திரத்தில பெலினின் எண்டு கந்தகம் சேர்ந்த சாமான் ஒண்டு இருக்கு, நலமடிக்காத, அதாவது விதை எடுக்காத கடுவனுக்கு அது நல்லாக் கூட, அது உடைய உடையத்தான் அந்த வெடில் மணம் வாறது, அதால கண்ட உடன கழுவினா வேலை பாதி, ஒரு கிழமை விட்டா ரெட்டிப்பு.

அடுத்தது, நிலத்தையே கழுவிக்கொண்டு நிக்காதேங்கோ, சுவரைப் பாருங்கோ. கடுவன் எல்லை பிடிக்கிறதுக்கு வாலைத் தூக்கி நடுக்கிக்கொண்டு பின்பக்கமா சுவருக்குத்தான் பீச்சி அடிக்கும். இரவில லைட்டை நூத்திட்டு ரோச்சை சுவரோட ஒட்டிச் சரிச்சுப் பிடிச்சா நிலத்தில இருந்து ஒரு சாண் உயரத்தில தொடங்கி கீழ வழிஞ்ச கோடு தெரியும், மஞ்சளுமில்லாம மண்ணிறமுமில்லாம ஒரு நிறம், விரல் வைச்சா பிசுபிசுக்கும். எங்கட வீட்டில மூட்டையை இழுத்தாப் பிறகுதான் தெரிஞ்சுது, கோடு வழிஞ்சு உரபாக்கின்ர அடி வரைக்கும் போயிருந்தது, அடிநெல்லு நனைஞ்சு கறுத்துப்போச்சு. கள்ளநோட்டுப் பாக்கிற ஊதா ரோச் இருந்தா இன்னும் சுகம், மூத்திரம் பட்ட இடம் மினுங்கும், ஆனா சோப்புத்தூள் காய்ஞ்ச இடமும் மினுங்கும், அதால மூக்கையும் கிட்டக் கொண்டுபோகத்தான் வேணும், வேற வழியில்லை.

இடம் பிடிபட்டாப் பிறகு, பழைய பினைல் எல்லாம் போக வெறும் தண்ணியால வடிவாக் கழுவுங்கோ. பிறகு என்சைம் (அழுக்கை உடைக்கிற சாமான்) போட்ட உடுப்புத்தூளைத் தண்ணியில கரைச்சு, ஒரு பங்கு தூளுக்கு ஒன்பது பங்கு தண்ணி, அந்த இடத்தில ஊத்தி, மேல ஈரத்துணி போட்டு ஒரு இரவு விடுங்கோ. சும்மா ஊத்தித் துடைச்சா என்சைம் வேலை செய்யாது, மூத்திரம் இறங்கின ஆழத்துக்கு இதுவும் இறங்கோணும். பூனைக்கெண்டே விக்கிற என்சைம் கிளீனர் கொழும்பில இருந்து எடுப்பிக்கலாமெண்டா அது இன்னும் திறம். அடுத்த நாள் கழுவிக் காயவிட்டு, மருந்துக்கடையில புண் கழுவ விக்கிற 3% ஹைட்ரஜன் பெரொக்சைட்டில கொஞ்சம் அப்பச்சோடாவும் ரெண்டு சொட்டு பாத்திரம் கழுவுற சோப்பும் கலந்து தேய்ச்சா கந்தக மணத்தை அது முறிக்கும். கலந்த உடன பாவிச்சு முடிக்கோணும், போத்தில்ல மூடி வைச்சா வெடிக்கும். கலர்த் துணியில படவிடாதேங்கோ, வெளிறிப்போகும்.

வினாகிரியும் தேசிக்காயும் எல்லாரும் சொல்லுவினம், மாபிள் இல்லாத சாதாரண ரைல்ஸுக்கு சரி, வெறும் சீமெந்தில புளிப்பு பட்டா அதில இருக்கிற சுண்ணாம்பைத் திண்டு மேல்பக்கம் சொரசொரப்பாகும், பிறகு இன்னும் கூடக் குடிக்கும். அடுப்புச் சாம்பல் பீக்கு நல்லது, மூத்திரத்துக்குப் போட்டா அமோனியா கூடத்தான் கிளம்பும். கிணத்துக்குப் போடுற பிளீச்சிங் பவுடரைத் தயவுசெய்து கிட்டவும் கொண்டுபோகாதேங்கோ, குளோரினும் அமோனியாவும் சேர்ந்து வாற புகை நெஞ்சை அடைக்கும், அதுவும் யன்னல் பூட்டின நெல்லறையில! பினைல், டெற்றோல் மாதிரியானதுகள் காலில பட்டு பூனை நக்கினா அதின்ர ஈரலுக்கு அதைக் கழிக்க ஏலாது, நஞ்சு.

மண் நிலமெண்டா பேசாம நாலு விரல் ஆழத்துக்குக் கொத்தி எறிஞ்சுபோட்டு புதுமண் போட்டு மெழுகுங்கோ. தும்பு மெத்தை எண்டா என்னைக் கேட்டா ஆசையை விடுங்கோ. சீமெந்து நல்லாக் காய்ஞ்சு மணம் முழுசாப் போனாப் பிறகு நிலத்துக்கு அடிக்கிற பெயின்ற் ஒண்டை அடிச்சு விட்டா இனி உள்ள இழுக்காது, மணம் இருக்கேக்க அடிச்சா உள்ளுக்கை வைச்சுப் பூட்டினதுதான். மூட்டையளுக்கு அடியில பலகை குடுத்து சுவரில இருந்து ஒரு அடி தள்ளி அடுக்குங்கோ.

உதெல்லாம் செய்தும் கடுவன் சும்மா இருக்காது. மிருக வைத்தியரிட்டக் கொண்டுபோய் நலமடிச்சு விட்டா பெரும்பாலான கடுவனுகள் பீச்சுறதை விட்டிடும், சிலதுக்கு கொஞ்சக் காலம் எடுக்கும். மாரிக்கு முற்றமெல்லாம் வெள்ளமா நிக்கேக்க அது எங்க போய்க் கிண்டுறது, விறாந்தை மூலையில அகலப் பேசின் ஒண்டில மணல் போட்டு வையுங்கோ, ஒவ்வொரு நாளும் அள்ளோணும், ஊத்தையெண்டா அது திருப்பி நெல்லறைக்குத்தான் வரும். ஒருவேளை உங்கட கடுவன் முக்கி முக்கிக் குந்திக் கத்தியும் சொட்டும் வராமல் நிண்டா அது மணப் பிரச்சினை இல்லை, மூத்திரக் குழாய் அடைச்சிட்டுது, ஒண்டு ரெண்டு நாளில செத்துப்போகும், விடியட்டும் எண்டு பாக்காம உடன வைத்தியருக்கு போன் அடியுங்கோ.