மூஞ்சி வேர்த்துச்சுன்னு கோர்ட்ல டிகிரி (தீர்ப்பாணை) கிடைக்காது

கேள்வி: மனைவியோட தம்பிக்கு பனியன் யூனிட் வைக்க 6 லட்சம் கொடுத்தேன். 2 லட்சம் பேங்க் மூலமா, 4 லட்சம் கையில. எழுத்துல எதுவும் இல்ல. கேஸ் போடற மூணு வருஷ கெடு முடிய இன்னும் நாலு மாசம்தான் இருக்கு. மாமனார் வீட்ல எல்லார் முன்னாடியும் கேட்டா வாங்கவே இல்லன்னு சாதிக்கிறான். கண்ண பாத்து பேசல, வேர்த்து கொட்டுச்சு, மூக்க தடவிட்டே இருந்தான். நடுவுல "அந்த ரெண்டுதான் மாமா வாங்கினேன், அதுவும் மெஷின் ரிப்பேர்லயே போயிருச்சு"ன்னு உளறினான். அவன் கல்யாணத்துக்கும் நான் செலவு பண்ணியிருக்கேன். ஆத்திரத்துல நானும் மானத்த வாங்கிடுவேன்னு கத்திட்டேன். பொங்கல் வரைக்கும் பொறுத்தா போதும்ங்கற மாதிரி மாமனார் தலைய ஆட்டினார். எல்லாம் போன்ல வீடியோவா இருக்கு. கோர்ட்ல போட்டு காட்டி உண்மை கண்டறியும் டெஸ்ட் எடுக்க வைக்க முடியுமா சார்? (திருப்பூர் வாசகர்)

பதில்: வேர்த்தது, மூக்க தடவினது, அவர் கல்யாணத்துக்கு நீங்க செஞ்ச செலவு எல்லாத்தையும் ஓரமா வைங்க, கேஸுக்கு ஒத்த பைசா பிரயோஜனம் இல்ல. உங்க லெட்டர்ல உருப்படியா இருக்கிறது நீங்க உளறல்னு ஒதுக்கின அந்த ஒரு வரிதான். "ரெண்டு வாங்கினேன்"னு அவர் வாயாலயே சொல்லிட்டார், பேங்க் ஸ்டேட்மென்ட்டும் அதே தொகைய காட்டுது. நீங்க மூஞ்சிய பாத்துட்டு இருந்ததுல வார்த்தைய கோட்டை விட்டுட்டீங்க.

டெஸ்ட் பேச்ச இதோட விடுங்க. சம்மதம் இல்லாம யாருக்கும் பாலிகிராஃப் (பொய் கண்டறியும் கருவி), நார்கோ (மருந்து கொடுத்து கேக்கற டெஸ்ட்) எடுக்க கூடாதுன்னு 2010லயே செல்வி வழக்குல சுப்ரீம் கோர்ட் சொல்லியாச்சு, சம்மதிச்சு எடுத்தாலும் ரிசல்ட்ட மட்டும் வெச்சு சாட்சியமாக்க முடியாது. உங்களோடது வெறும் பண வசூல் கேஸ் வேற. யூட்யூப்ல பாக்கிற மூக்கு, கழுத்து கதையெல்லாம் ஆராய்ச்சியிலயே நிக்கல. மனுஷங்க பொய்ய கண்டுபிடிக்கிற லட்சணத்த 2006ல ரெண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் பழைய ஆய்வுகளை எல்லாம் சேர்த்து பாத்தாங்க, நூத்துக்கு 54தான் சரியா வந்துச்சு, காசு சுண்டி பாத்தாலே அம்பது வரும்.

சாட்சி நடந்துக்கிற விதத்த ஜட்ஜ் குறிச்சு வைக்கலாம்னு சிபிசி (சிவில் நடைமுறைச் சட்டம்) ஆர்டர் 18 ரூல் 12ல இருக்குதான், ஆனா அது கூண்டுல நிக்கிறப்ப பாக்கிறதுக்கு, உங்க மாமனார் வீட்டு ஹாலுக்கு இல்ல. நடைமுறையில முதல் விசாரணை அஃபிடவிட்டாவே போயிரும், குறுக்கு விசாரணை சில சமயம் அட்வகேட் கமிஷனர் (கோர்ட் நியமிக்கிற வக்கீல்) முன்னாடி நடக்கும், தீர்ப்பு எழுதற நேரத்துல ஜட்ஜே டிரான்ஸ்ஃபர் ஆகியிருப்பார். புதுசா வர்றவர் கையில இருக்கிறது டைப் அடிச்ச பேப்பர், அதுல வேர்வை தெரியாது.

இதுல நான் பாத்து பாத்து சலிச்ச விஷயம் ஒண்ணு இருக்கு. எதிராளி மூஞ்சிய நம்பி வர்ற கட்சிக்காரர், தானும் கூண்டு ஏறணும்ங்கறத மறந்துடறார். வாதி நீங்க, முதல் சாட்சியும் நீங்கதான். அந்த 4 லட்சம் ஏது? பேங்க்ல எடுத்தீங்களா, வீட்ல இருந்துச்சா? வருமான வரி ரிட்டர்ன்ல காட்டினீங்களா? எந்த தேதி, எந்த நேரம், எத்தனை கட்டு, யாரு கூட இருந்தா? இத எதிர் வக்கீல் அடுத்தடுத்து கேக்கறப்ப உண்மைய சொல்ற மனுஷனுக்கே நாக்கு வறண்டு போகும், கர்சீஃப் எடுப்பார், ஒவ்வொரு கேள்விக்கும் அவர் வக்கீலான எங்க மூஞ்சிய பாப்பார், ஜட்ஜ் "வக்கீல பாக்காதீங்க, இங்க பாத்து சொல்லுங்க"ம்பார், அதோட மிச்சமும் போச்சு. மச்சினன் வேர்த்தா பொய்யுன்னா நீங்க வேர்த்தா என்னங்க?

வீடியோவுலயும் வில்லங்கம் இருக்கு. முழுசா போட்டா "உன் வீட்டு வாசல்ல நின்னு மானத்த வாங்கிடுவேன்"னு நீங்க கத்தினதும் அதுலயே வரும் (நீங்களே எழுதியிருக்கீங்க). அத மட்டும் வெட்டினா எடிட் பண்ணினதுன்னு மொத்த வீடியோவையும் சந்தேகத்துக்கு இழுப்பாங்க. எடுத்த போன மாத்தாதீங்க, ஃபைல்ல கை வைக்காதீங்க, பாரதிய சாட்சிய அதினியம் (புது சாட்சிய சட்டம்) பிரிவு 63படி சர்டிபிகேட்டோடதான் தாக்கல் பண்ணணும். சொந்தக்காரங்க வாட்ஸ்அப் குரூப்ல "திருட்டு முழி பாருங்க"ன்னு தயவுசெஞ்சு போட்றாதீங்க, அவதூறு கேஸுல நீங்க குற்றம் சாட்டப்பட்டவரா நிப்பீங்க.

2 லட்சமும் கேரண்டி இல்ல. பணம் போனதுக்குத்தான் ஸ்டேட்மென்ட் சாட்சி, அது கடன்ங்கறதுக்கு இல்ல. அக்கா புருஷன் உதவியா கொடுத்தார்னு ஒரு வரி சொல்லிட்டு போவாங்க, அதனாலதான் வீடியோவுல அவர் சொன்ன வாக்கியம் தேவைப்படுது. கையில கொடுத்த நாலுக்கு என்ன இருக்கு? என் கணக்குல ஒண்ணும் இல்ல.

அதனால சமாதானமா போயிருங்க. மூணோ மூணரையோ, ஒத்துக்கிற தொகைக்கு, தேதியோட, ரெவென்யூ ஸ்டாம்ப் மேல அவர் கையெழுத்து போட்ட புது புரோநோட் இந்த நாலு மாசத்துக்குள்ள வாங்குங்க. "தை பொறந்ததும் தர்றேன்"னு வாயால சொல்றதால காலக்கெடு நீளாது, வாட்ஸ்அப் மெசேஜ நம்பி இருந்தாலும் அது போதுமான்னு தனியா ஒரு சண்டை நடக்கும். நேர்ல பேச வரலன்னா மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுல ஒரு மனு கொடுங்க, கேஸ் போடறதுக்கு முன்னாடியே லோக் அதாலத்துக்கு கூப்பிடுவாங்க, ஃபீஸ் கிடையாது, அங்க முடிஞ்சா அது கோர்ட் டிகிரி மாதிரியேதான், அப்பீலும் இல்ல. வரவே மாட்டேன்னுட்டா கெடு முடியறதுக்கு முன்னாடி 2 லட்சத்துக்கு மட்டுமாவது கேஸ் போட்டுருங்க. மாமனார் தலைய ஆட்டினார்ங்கறதுக்காக பொங்கல் வரைக்கும் பொறுக்காதீங்க.